ஒரு பிடி அவித்த மா

பெரிய மச்சாளின் அலுமாரியைத் திறந்தால் முதலில் பூச்சி உருண்டை மணக்கும். அதற்குப் பின்னால், மடித்த சேலைகளுக்கும் செபப் புத்தகத்துக்கும் நடுவிலிருந்து, மெல்லியதாக இன்னொரு வாசம் வரும். அவித்த கோதுமை மாவின் வாசம். நீல நிறத் தகரப் பிஸ்கட் ரின் ஒன்றில் அவர் அதை வைத்திருந்தார். மூடியில் ஒரு குதிரை வண்டிப் படம். உரிந்து உரிந்து குதிரை போய்விட்டது, வண்டி மட்டும் நின்றது. மா தட்டுப்பாடாக இருந்த காலத்தில் எலிக்கும் இல்லாமைக்கும் பயந்து அந்த ரின்னை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டத் தொடங்கினார். பிறகு கடைகளில் மா மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய காலத்திலும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. அலுமாரியின் திறப்பு எப்போதும் அவருடைய இடுப்பில்தான் இருந்தது. அந்த வீட்டில் நான் திறந்து பார்க்காத ஒரே கதவு அதுதான். மற்ற எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு தரம் திறந்து பார்ப்பவள் நான்.

அவர் என் கணவரின் மூத்த சகோதரி. ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. தாய் தகப்பன் நேரத்தோடு போய்விட, கலியாணம் செய்யாமல் தம்பியையும் தங்கையையும் வளர்த்து எடுத்தவர். நான் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போனபோது மாமியார் என்று ஒருவர் இல்லை, பெரிய மச்சாள்தான் இருந்தார். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. படிப்புக் குறைவு, பயம் கூட. கணவர் கடலுக்குப் போனால் காற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். வள்ளம் வந்து சேர்ந்துவிட்டால், சரி, இன்றைக்கு வந்தாயிற்று, நாளைக்கு என்ன ஆகுமோ என்று தொடங்குவேன். பெரிய மச்சாள் அதைக் கண்டு சிரிப்பார். "உமக்குக் கவலைப்பட ஒண்டும் இல்லாட்டி அதுக்கும் ஒருக்காக் கவலைப்படுவீர்" என்பார். அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. விடியப் பூசைக்குப் போய் நன்மை எடுத்துக்கொண்டு வருவார். பூசை வைக்கும் சுவாமி நாக்கில் வைக்கும் அந்தச் சின்ன வெள்ளை அப்பத்தைத்தான் எங்கள் பக்கத்தில் நன்மை என்று சொல்வது. அதை எடுத்து வந்த பிறகுதான் அவர் வாயில் தேத்தண்ணி படும். இருமிக்கொண்டு போன நாளும் உண்டு, மழையில் நனைந்துகொண்டு போன நாளும் உண்டு. போகாத நாள் என்று ஒன்றை நான் கண்டதில்லை.

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எங்கள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது நிவாரண மா. வண்டு ஓடும் மா. பெரிய மச்சாள் அதை வெள்ளைத் துணியில் கொட்டி வண்டு பொறுக்கி, துணியோடு முடிந்து, கொதிக்கிற பானைக்கு மேல் வைத்து அவிப்பார். ஆவி ஏறி மா கட்டியாகிவிடும். அதைச் சுடச்சுட உடைத்து, கை வேக வேக அரித்து எடுப்பார். வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. எங்களுக்குப் பச்சை மாவும் அவித்த மாவும் இரண்டு வேறு சாமான்கள். பச்சை மா பேக்கரிப் பாணுக்கும் றொட்டிக்கும். வயிற்றில் கல்லாய்க் கிடக்கும் என்போம். அவித்த மா புட்டுக்கும் இடியப்பத்துக்கும். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரருக்கும் கொடுக்கலாம், ஒன்றும் செய்யாது. தனி அரிசி மா ஒட்டாமல் உதிரும் என்று அதற்குள்ளும் ஒரு பிடி அவித்த மா போடுவார்கள். அந்த ஒரு பிடியை ஒருவரும் நினைத்துப் போடுவதில்லை. கை தன்பாட்டில் போகும்.

பிறகு சமாதான காலம் வந்தது. பாதை திறந்தது. வெளிநாட்டில் இருந்த சனமெல்லாம் பெட்டிகளோடு வந்து, இடிந்த வீடுகளின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பெரிய மச்சாளின் தங்கை, சின்ன மச்சாளும் வருவதாகச் செய்தி வந்தது. அவள் பிரான்சுக்குப் போய்க் கனகாலம். அங்கே பிறந்த மகளுக்கு அப்போது ஏழு வயது. கடையில் இருந்த தொலைபேசிக்கு எடுத்து என்னைக் கூப்பிட்டாள்.

"மச்சாள், ஒரு விசயம் சொல்லவேணும். பிள்ளைக்குக் கோதுமை ஆகாது. பாண், பிஸ்கட், கேக், றொட்டி ஒண்டும் ஏலாது."

"வயித்துக்குச் சரிவாறேல்லையோ?"

"வயிறில்லை மச்சாள். மூச்சு நிண்டுபோகும். பள்ளிக்கூடத்திலை ஆரோ ஒரு பிஸ்கட் குடுத்து, அம்புலன்சிலை கொண்டுபோய்த்தான் எடுத்தது."

கடைக்காரர், லைன் அறுந்துவிட்டதோ என்று கையால் கேட்டார். பாண் கிடைக்காமல் பிள்ளைகள் வாடிப்போனதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். பாணைத் தின்று ஒரு பிள்ளை சாகும் என்பதை என் தலை எடுக்கவில்லை. எதைக் கொடுத்து எங்கள் பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்தோமோ அது இந்தப் பிள்ளைக்கு நஞ்சு. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் சிரித்தார். "வெளிநாட்டுக்குப் போனால் சாப்பாட்டுக்கும் விசா வேணும்போலை" என்றார். பெரிய மச்சாள் சிரிக்கவில்லை. "அப்ப அந்தக் குஞ்சு அங்கை என்னத்தைத் தின்னுது?" என்று மட்டும் கேட்டார்.

அவர்கள் வருவதற்கு முதல் நான் அந்தக் குசினியைக் கழுவியது போல ஒரு கோயிலையும் ஒருவரும் கழுவியிருக்க மாட்டார்கள். மா மூட்டையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். பிஸ்கட்டுகளை அயல் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். தட்டுகள், அரிதட்டு, றொட்டிக் கல் எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மில்லில் இதற்கு முதல் என்ன அரைத்தார்களோ என்று பயந்து, அரிசியை ஊறவைத்து வீட்டு உரலில் நானே இடித்தேன். பெரிய மச்சாள் வாசலில் நின்று பார்த்தார். "பிஷப் வந்தாலும் இந்த வீட்டிலை இப்பிடி நடவாது" என்றார். நான் அவருடைய குசினிச் சாமான் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டி, இதற்குள் என்ன, அதற்குள் என்ன என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அலுமாரிக்குள் இருந்த ரின்னைச் சொல்லவில்லை. ஒளிக்கவேண்டும் என்று அல்ல. நான் கோதுமை மாவைத்தானே கேட்டேன். அவருக்கு அது அவித்த மா.

சின்ன மச்சாள் வந்த அன்றே கைப்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். தடித்த பேனை மாதிரி இருந்தது. உள்ளே ஊசி. பிள்ளைக்கு ஏதும் நடந்தால் துடையில் குத்தவேண்டும், உடுப்புக்கு மேலாலும் குத்தலாம். இரண்டு கொண்டுதான் வெளிக்கிட்டாள், ஒன்று இருந்த பெட்டி கொழும்பில் தவறிப்போய்விட்டது. மிச்சம் இது ஒன்றுதான். அன்றிலிருந்து என் கண் பிள்ளையில் பாதி, அந்தக் கைப்பையில் பாதி. கைப்பை கதிரையில் இருந்தால் கீழே விழும் என்று மேசைக்கு மாற்றுவேன். மேசையில் வெயில் படுகிறது என்று திரும்பவும் கதிரைக்கு மாற்றுவேன்.

பிள்ளை பாவம், நாங்கள் கொடுத்த அரிசிப் புட்டையும் மீனையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டது. பெரிய மச்சாளின் பின்னால் பெரியம்மா, பெரியம்மா என்று கோழிக்குஞ்சு மாதிரித் திரிந்தது. திரும்பிப் போவதற்குச் சில நாள் இருக்கும்போது, எங்கள் எல்லாருக்கும் பீட்சா செய்து தரவேண்டும் என்று கேட்டது. அங்கே வீட்டில் தாய் செய்து கொடுப்பாளாம். வெளியில் வாங்கித் தின்ன முடியாத பிள்ளைக்கு அது பெரிய விசயமாம். பீட்சா என்றால் என்ன என்று சின்ன மச்சாள் விளக்கினாள். பெரிய மச்சாள் கேட்டுவிட்டு, "உது றொட்டிக்கு மேலை கறியை ஊத்துறதுதானே. சாப்பிடத் தெரியாத ஆக்கள் கண்டுபிடிச்சிருக்கினம்" என்றார். ஆனால் சம்மதித்தார். அடுத்த ஒழுங்கையில் இருந்த ரீச்சரையும் வரச் சொல்லிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறியவர், சைவம், முட்டையும் தொடமாட்டார். இடம்பெயர்ந்து ஒரே வகுப்பறையில் ஒரே பானைக் கஞ்சி குடித்த பழக்கம், அதனால் எங்கள் வீட்டில் கை நனைப்பார். ஆகவே ஒரு வீட்டில் மூன்று விதம் செய்யவேண்டியிருந்தது. பிள்ளைக்குக் கோதுமை படாதது, ரீச்சருக்கு மீன் படாதது, எங்களுக்கு றால் போட்டது. அடி மட்டும் எல்லாருக்கும் அரிசி மாதான். நான் முதல்நாளே நித்திரையில்லாமல் யோசித்தேன், றால் சட்டிக் கரண்டி ரீச்சருடையதில் பட்டால் என்ன செய்வது என்று. என்ன நடக்குமோ என்று நான் பயந்த பட்டியலில் நடந்தது இருக்கவில்லை.

சுடுவதற்கு வீட்டில் போறணை அடுப்பு இல்லை. பேக்கரிப் போறணையில் வைத்துத் தருகிறேன் என்று பேக்கரிக்காரர் சொன்னார். போறணை முழுக்கக் கோதுமை மாப் புழுதி என்று நான் மறுத்துவிட்டேன். பெரிய மச்சாள், யேசு பிறந்த நத்தாருக்குக் கேக் சுடும் முறையிலேயே செய்வோம் என்றார். பெரிய சட்டியில் மணலைப் போட்டு, சுடவைத்து, அதற்குள் தட்டை இறக்கி, தகரத்தால் மூடி, தகரத்துக்கு மேலே சிரட்டைத் தணல் போடுவது. நான் கிணற்றடிக்குப் பக்கத்தில் தணல் மூட்டப் போனேன். சின்ன மச்சாள் தலைக்கு வார்க்கப் போனாள். குசினியில் பெரியம்மாவும் பிள்ளையும்.

அங்கே என்ன நடந்தது என்று பிறகுதான் தெரியும். பிள்ளை மாவை உருட்டித் தட்டி, தாய் செய்வதுபோல இரண்டு கையாலும் தூக்கி விரிக்கப் பார்த்தது. தனி அரிசி மா. வெடித்துக் கையிலேயே துண்டு துண்டாக விழுந்தது. திரும்பவும் குழைத்தார்கள். திரும்பவும் விழுந்தது. பிள்ளை அழவில்லை. பேசாமல் நின்று கையில் ஒட்டிய மாவைப் பார்த்ததாம். பெரிய மச்சாளால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை. உள்ளே போனார், இடுப்பிலிருந்த திறப்பை எடுத்தார்.

நான் தணலோடு வந்தபோது மா பலகையில் வழுவழுவென்று வட்டமாகக் கிடந்தது. பிள்ளை முகமெல்லாம் சிரிப்பு. "மாமி, பெரியம்மாவுக்குச் செய்யத் தெரிஞ்சிருக்கு" என்றது. சின்ன மச்சாள் ஈரத் தலையோடு வந்து பார்த்து, "அக்கா, அங்கை நான் என்னென்னவோ பசை வாங்கிப் போட்டும் இப்பிடி வரேல்லை. என்ன செய்தனி?" என்று கேட்டாள். பெரிய மச்சாள், "கைதான்" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

தக்காளியும் வெங்காயமும் கறிமிளகாயும் போட்டு, யாழ்ப்பாணத்தில் வாங்கிய சீஸைச் சீவித் தூவி, ஒவ்வொரு தட்டாகச் சுட்டு எடுத்தோம். பின்னேர வெயில் சாய்ந்து முற்றத்துப் பூவரசு நிழல் நீண்டிருந்தது. ரீச்சர் தன் துண்டை மணந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு சம்பல் இருந்தால் முழுமையாய் இருக்கும்" என்றார். என் கணவர், "சீஸ் எண்டால் பழுதாய்ப்போன பால்தானே ரீச்சர், யோசிக்காமல் சாப்பிடுங்கோ" என்றார். பிள்ளை இரண்டாவது துண்டை எடுத்தது. சிரித்துக்கொண்டு கழுத்தைச் சொறிந்தது. நான் பார்த்தேன். நுளம்பு கடித்தது என்று நினைத்தேன். பிறகு திரும்பவும் சொறிந்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. பிறகு சொண்டு, மேலுதடும் கீழுதடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொண்டு பருத்து, அந்தச் சின்ன முகம் வேறு ஆருடையதோ ஆனது. "அம்மா" என்று கூப்பிடப் பார்த்தது, சத்தம் வரவில்லை, விசில் மாதிரி ஒரு மூச்சு மட்டும் வந்தது.

சின்ன மச்சாள் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டாள். ஊசி கையில் இருந்தது. மூடியைக் கழற்றவில்லை. "மாச் சாமான் ஏதும் பட்டதோ? மச்சாள், சொல்லுங்கோ, ஏதும் பட்டதோ?" என்றாள். நான் இல்லை, இல்லை என்று சத்தியம் செய்தேன். அரிசி நான் இடித்தது. தட்டு நான் தேய்த்தது. அவளுக்கும் என் பயம் தெரியும், அதனால் என்னை நம்பினாள். நம்பியதுதான் ஆபத்தாகப் போயிற்று. மா படவில்லை என்றால் இது றாலோ, பூச்சி கடித்ததோ, இருப்பது ஒரே ஊசி, பிழையான வருத்தத்துக்கு அதைக் குத்திவிட்டால் பிறகு என்ன செய்வது என்று அவள் கை அந்தரத்தில் நின்றது. ஒருவரும் மூச்சு விடவில்லை. விட முயன்றது பிள்ளை மட்டும்தான்.

"நான் போட்டனான்" என்றார் பெரிய மச்சாள்.

அவர் குசினி வாசலில் நின்றார். குரல் உயரவில்லை. "ஒரு பிடி அவிச்ச மா. அவிச்சது ஒண்டும் செய்யாது எண்டு நினைச்சன். குத்தடி."

சின்ன மச்சாள் குத்தினாள். சட்டைக்கு மேலாலேயே துடையில் அழுத்திப் பிடித்தாள். எனக்கு அந்த ஊசி பிள்ளைக்குள் போனது பெரிதாகத் தெரியவில்லை. என்னை அடித்துப் போட்டது அந்தச் சொல்தான். ஒரு ஊரே மதிக்கிற மனுசி, தங்கையையும் தம்பியையும் பசி தெரியாமல் வளர்த்தவர், ஒன்றும் சொல்லாமல் நின்றிருக்கலாம். எங்களில் யாருக்கும் தெரிய வந்திராது. நானாக இருந்தால் நாக்கு எழும்பியிருக்குமோ என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மடியில் பிள்ளையோடு சின்ன மச்சாள், பக்கத்தில் நான், கால்மாட்டில் இருக்க இடமில்லாமல் குந்திக்கொண்டு பெரிய மச்சாள், பிள்ளையின் பாதங்களை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். சோதனைச் சாவடியில் நேவிக்காரன் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தடியை உயர்த்தினான். பெரிய மச்சாளின் சொண்டு அசைந்துகொண்டே இருந்தது. செபமாலை சொல்கிறார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே பிள்ளையின் மூச்சு இலகுவாகி விட்டது. டொக்டர், அந்த ஊசி கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு மிச்சமிருந்த நாட்களில் சகோதரிகள் இருவரும் அதிகம் கதைக்கவில்லை. சின்ன மச்சாளுக்குக் கோபமா பயமா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அவளே சமைத்தாள். பெரிய மச்சாள் குசினிக்குள் கால் வைக்கவில்லை. வெளிக்கிடும் அன்று வான் வந்து, எல்லாரும் ஏறிய பிறகுதான் சின்ன மச்சாள் இறங்கித் திரும்பி வந்தாள். "அக்கா, நீ போட்டதுக்கு எனக்குக் கோவம்தான். ஆனால் நீ சொல்லாமல் விட்டிருந்தால்" என்றாள். மிச்சம் அழுகையாகப் போயிற்று. பெரிய மச்சாள் அவளுடைய தலைமயிரை ஒதுக்கிவிட்டு, "போ, பிள்ளை வெயிலுக்குள்ளை இருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் கவனித்தேன். நன்மை எடுக்கும் நேரம் வந்தது. சனம் வரிசையாக எழுந்து போயிற்று. பெரிய மச்சாள் எழும்பவில்லை. முழந்தாளில் தலை குனிந்து இருந்தார். சுகமில்லையோ என்று நினைத்தேன். அதற்கடுத்த கிழமையும் எழும்பவில்லை. எங்கள் ஊரில் நன்மை எடுக்காமல் இருப்பது சின்ன விசயம் இல்லை. சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத் துணியாத பாவம் இருந்தால்தான் ஒருவர் அப்படி இருப்பார் என்று சனம் பேசும். பேசியது. மீன் விற்கிற இடத்தில் ஒருத்தி என்னிடமே கேட்டாள். "என்ன, உன்ரை மச்சாள் இந்த வயசிலை என்ன செய்துபோட்டு இப்பிடிக் குந்திக்கொண்டிருக்கிறா? ஆள் ஆரெண்டாவது சொல்லன்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிள்ளைக்கு நடந்ததைப் பெரிய மச்சாள் கொலைப் பாவமாக எடுத்துவிட்டாரோ, மனம் விட்டுப் போய் ஏதும் செய்துகொள்வாரோ என்று கிணற்றடிக்கு அவர் போனாலும் பின்னால் போனேன். "உமக்கு என்ன, என்னை மேய்க்கிற வேலையோ?" என்று கேட்டாரே தவிர, காரணம் சொல்லவில்லை.

சமாதானம் முறிந்தது. அல்லைப்பிட்டிப் பக்கத்தில் சனங்களைக் கொன்றார்கள் என்ற செய்தி வந்த கிழமையில் எங்கள் கிராமமும் கிளம்பியது. யாழ்ப்பாணத்தில் ஒரு மாதா கோயில் மண்டபத்தில் தங்கினோம். காலையும் இரவும் பாண் கொடுத்தார்கள். அரிசி எப்போதாவது வரும். பெரிய மச்சாள் தன் பங்குப் பாணை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு வெறும் தேத்தண்ணியோடு இருந்தார். முதலில் நல்ல மனம் என்று நினைத்தேன். கன்னம் ஒட்டி, சேலை இடுப்பில் நிற்காமல் போனபோதுதான் அவர் பாணைத் தொடவே இல்லை என்பது உறைத்தது. அன்று நான் வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை ஏசினேன்.

"மச்சாள், உங்களுக்கு விசரோ? சாகப்போறீங்களோ? தின்னுங்கோ இதை."

அவர் மண்டபத்தின் சுவரில் சாய்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார். "அந்த ஓட்டோவுக்குள்ளை மாதாவிட்டை சொன்னனான். இந்தக் குஞ்சுக்கு மூச்சைத் தா. அதுக்கு ஆகாத சாமான் இனி என்ரை வாயிலும் படாது எண்டு. தந்தவ. இனி நான் எப்பிடித் தின்னுறது?"

நேர்த்திக்கடன் என்று விளங்கியது. அதுவரை சரி. அதற்குப் பிறகு என் நெஞ்சுக்குள் இன்னொன்று இடறியது.

"அப்ப நன்மை?"

"அதுவும் கோதுமைதானே" என்றார்.

வெடிச்சத்தத்துக்குக் கூட நான் அப்படி உறைந்து போனதில்லை. இத்தனை காலமும் சனம் அவரைப் பற்றிக் கதைத்தது, சிரித்தது, ஆள் யாரென்று கேட்டது. அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாருடைய வாயும் மூடியிருக்கும். தினமும் விடிய எழும்பி எதற்காகப் போனாரோ அதைத் தூக்கி அந்தப் பிள்ளையின் கணக்கில் வைத்துவிட்டு, வெறும் வாயோடு முழந்தாளில் இருந்திருக்கிறார். "ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "சொன்னால் அது தங்கச்சியின்ரை காதுக்குப் போகும். பிள்ளைக்குப் போகும். பிள்ளை அதைச் சுமக்கவோ?" என்றார்.

நான் பொறுக்கமாட்டாமல் மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்த பாதரிடம் போய்ச் சொன்னேன். அவர் இளம் ஆள். பெரிய மச்சாளைக் கூப்பிட்டு, இப்படிப்பட்ட நேர்த்தியிலிருந்து விடுவிக்கத் தனக்கு அதிகாரம் இருக்கிறது, இப்போதே விடுவிக்கிறேன் என்றார். பெரிய மச்சாள் கைகட்டி நின்று கேட்டார். "அதிகாரம் உங்களுக்கு இருக்கும் பாதர். ஆனால் கேட்டு வாங்கினது நான். பிள்ளை அங்கை உயிரோடை ஓடித் திரியுது. வாங்கினதை வைச்சுக்கொண்டு, குடுத்ததை மட்டும் திருப்பிக் கேக்கிறதோ?" ரீச்சரும் அந்த மண்டபத்தில்தான் இருந்தார். "உங்கடை பாதருக்குப் படிப்பு இருக்கு, நேர்த்தி தெரியாது" என்று என் காதுக்குள் சொன்னார்.

அந்த முடிச்சை அவிழ்த்தது யார் என்றால் அந்தப் பிள்ளைதான். அவிழ்க்கிறேன் என்று தெரியாமலே அவிழ்த்தது. சண்டைச் செய்தி கேட்டுப் பயந்துபோய்ச் சின்ன மச்சாள் எப்படியோ ஒரு நம்பரைப் பிடித்து மண்டபத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். பிள்ளை கதைக்க ஆசைப்பட்டது. நான் காதோடு காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். தான் முதல் நன்மை எடுத்துவிட்டதாகச் சொல்லியது. பெரிய மச்சாளின் கை என் தோளை இறுக்கியது. "ஐயோ மோனை, உனக்கு அது ஆகாதே" என்றார்.

"இல்லை பெரியம்மா. எனக்கு அப்பம் இல்லை. பாதர் எனக்குத் தனிக் கிண்ணத்திலை திராட்சை இரசம் மட்டும் தாறவர். அதுவும் முழு நன்மைதானாம். கொஞ்சம் புளிக்கும்."

பெரிய மச்சாள் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு வந்து, பாதர் இருந்த அறைக் கதவடியில் நின்றார். "பாதர், எங்கடை பிள்ளைக்கு அங்கை குடுக்கிறமாதிரி எனக்கும் தருவியளோ?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரிசையின் கடைசியில் எழுந்து போனார். பாதர் கிண்ணத்தை நீட்டினார். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்தார், ஓட்டோவுக்குள் பிள்ளையின் பாதத்தைப் பிடித்த அதே பிடி. குடித்துவிட்டு வந்து முழந்தாளில் இருந்தபோது தோள் குலுங்கியது. மண்டபத்தில் பாய்க்குப் பாய் குசுகுசுப்பு ஓடியது. அதே மீன்காரி அன்றைக்குப் பின்னேரம் உரத்துக் கேட்டாள், "என்னக்கா, எங்களுக்கெல்லாம் அப்பம், உங்களுக்கு மட்டும் குடியோ?" பெரிய மச்சாள் திரும்பிப் பார்த்து, "உனக்கும் வேணுமெண்டால் நேர்த்தி வை. ஆனால் பாணை விடவேணும். உன்ரை உடம்பு தாங்காது" என்றார். அவர் பகிடி விட்டுக் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது. நான் போய் ஒரு மூலையில் நின்று அழுதேன்.

நாங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை. ஒட்டிய கன்னம் திரும்ப நிரம்பவே இல்லை. கடைசியாக நோயில் கிடந்தபோதும் சுவாமி கரண்டியால் ஒரு துளி இரசம்தான் நாக்கில் விட்டார். அலுமாரித் திறப்பு என் கைக்கு வந்தது. திறந்தேன். நீல ரின் சேலைகளுக்கு நடுவிலேயே இருந்தது. பிள்ளைக்கு மூச்சு முட்டிய நாளுக்கு மறுநாளே கொட்டிக் கழுவி வெயிலில் வைத்திருப்பார் போல, உள்ளே ஒன்றும் இல்லை. வாசம் மட்டும் இருந்தது. தகரத்தில் ஊறிய வாசத்தை யார் கழுவுவது? நான் அதைக் குசினிக்குக் கொண்டுபோகவில்லை. இன்றும் அலுமாரிக்குள்தான் இருக்கிறது.

பிள்ளை இப்போது வளர்ந்த பெண். போன ஆவணியில் தனியாக வந்தாள். பெரியம்மாவின் கல்லறைக்குப் போய் வந்துவிட்டு, "மாமி, மணல் சட்டியிலை பீட்சா செய்வமோ?" என்று கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அரிசியை நான் இடித்தேன். தட்டை மூன்று தரம் கழுவினேன். அவள் மாவை உருட்டித் தட்டினாள், தூக்கினாள். அது வெடித்துப் பலகையில் விழுந்தது. எனக்குக் கை தன்பாட்டில் அசைந்தது. அவள் கண்டுவிட்டாள்.

"வெடிக்கட்டும் மாமி" என்றாள்.

துண்டுகளை அப்படியே தட்டில் பொறுக்கி அடுக்கி, மேலே தக்காளியும் சீஸும் போட்டுச் சுட்டோம். வட்டமாகவும் இல்லை, தூக்கவும் முடியவில்லை. கரண்டியால் அள்ளித்தான் சாப்பிடவேண்டியிருந்தது. அவள் கதைத்துக்கொண்டே சாப்பிட்டாள். நான் என் தட்டைத் தொடவில்லை. அவளுடைய கழுத்தையும் சொண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் சாப்பிட்டு முடித்து, தண்ணி குடித்து, எழும்பிப் போய்க் கை கழுவும் வரைக்கும். பிறகு உள்ளே போய் அலுமாரியைத் திறந்து அந்த ரின்னின் மூடியைக் கழற்றி மணந்து பார்த்தேன். இன்னும் இருந்தது.